ஸ்பாஸ்மோடிக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏரி தூர்வாருவது பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அரசின் முயற்சிகளை ‘ஸ்பாஸ்மோடிக்’ என்கிறார் ஆசிரியர். அகராதியில் ‘இசிவு சார்ந்த’ என்றிருக்கிறது. ‘ஒழுங்கற்ற’ என்று போடலாமா? ‘ஸ்பொராடிக்’கும் இதுவும் ஒன்றுதானா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

அகராதி சொல்வது சரிதான். கிரேக்கத்தில் ‘ஸ்பாஸ்மோஸ்’ என்றால் இழுப்பு. நடுராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறதே, அது. வயிற்றுவலி மாத்திரைகள் சிலவற்றின் பெயரில் ‘ஸ்பாஸ்’ ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். திடீரென்று பிடிக்கும், பாடாய்ப் படுத்தும், விட்டுவிடும். மறுபடி எப்போது என்று தெரியாது. இந்தக் குணத்தைத்தான் ஆங்கிலம் மனிதர்களின் காரியங்களுக்கும் ஏற்றிச் சொல்கிறது.

‘ஸ்பொராடிக்’கின் வேர் வேறு: விதை தெளிப்பது. ஆங்காங்கே, எப்போதாவது நடப்பதற்கு அது போதும். யார்மீதும் குறை இல்லை. ‘ஸ்பாஸ்மோடிக் முயற்சி’ என்றால் வேகம் இருந்தது, நிலைக்கவில்லை என்ற குத்தல் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் குத்தலால் அடிபட்டவர்கள் உண்டு. 1850களில் பிரிட்டனில் சிட்னி டோபெல், அலெக்சாண்டர் ஸ்மித் முதலிய கவிஞர்கள் கொந்தளிப்பும் புலம்பலுமாக எழுதிப் புகழ்பெற்றிருந்தார்கள். எடின்பரோ பேராசிரியர் டபிள்யூ. இ. ஏய்டூனுக்கு அது பொறுக்கவில்லை. எழுதப்படாத ஒரு நாடகத்துக்கு 1854இல் மதிப்புரை எழுதினார், மேற்கோள்களோடு! பிறகு அதே ஆண்டில் நாடகத்தையும் எழுதி, ‘ஒரு ஸ்பாஸ்மோடிக் துன்பியல்’ என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். அதன் நாயகன் ஃபர்மிலியன் ஒரு கவிஞன். பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனைப் பற்றி எழுதக் குற்றவுணர்ச்சி வேண்டுமே என்று நண்பர்களைக் கொல்கிறான், தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்க்கிறான். பாவம், குற்றவுணர்ச்சி மட்டும் வரவே இல்லை. அந்தப் பகடிக்குப் பின் கவிஞர்களின் மவுசு சரிந்தது. இலக்கிய வரலாற்றில் இன்றும் அவர்கள் ‘ஸ்பாஸ்மோடிக்’ கவிஞர்கள்தான். ஸ்மித்தைப் படித்திருக்கிறேன், அவ்வளவு மோசமில்லை.

இனி உங்கள் ஏரி. ‘ஒழுங்கற்ற’ என்றால் டெண்டரில் முறைகேடு என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ‘விட்டுவிட்டு’ என்பதை ‘இன்டர்மிட்டன்ட்’டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ‘நினைத்துக்கொண்டாற்போல் தூர்வாருகிறார்கள்’ என்று எழுதுவேன். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘திடீர் வேகம்’ ஓரளவு ஒத்துவரும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லைப் போட வேண்டியதில்லை. தேர்தலுக்கு முன் மட்டும் பொக்லைன் வருவதைச் சொல்லும் இடத்தில் ‘அவ்வப்போது’ வேண்டாம், அது ரொம்ப மரியாதையான சொல்.

மருத்துவக் கட்டுரை கைக்கு வந்தால் ‘இசிவு’ என்றே போடுங்கள்.