பேஸ் கிட்டார் வாங்கலாமா, எப்படிப் பழகலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சில வருடங்களாக கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் என்னை வாசிக்கச் சொல்கிறார்கள். அதே கம்பிகள்தானே, நேராக வாசித்துவிடலாமா?

கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளான ஈ, ஏ, டி, ஜி எல்லாம் பேஸில் ஒரு ஸ்தாயி கீழே இருக்கின்றன, அவ்வளவுதான். எந்த ஸ்வரம் எங்கே என்று தேடும் வேலை உங்களுக்கு மிச்சம். ஆனால் வாசிக்கும் வேலை வேறு. கிட்டாரில் ஒரு கார்டை மீட்டிவிட்டு அது தானாக அடங்கட்டும் என்று விடலாம். பேஸில் ஸ்வரம் எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் போலவே எப்போது நிற்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், நிறுத்தாமல் விட்ட ஸ்வரம் அடுத்ததோடு கலந்து மொத்தப் பாட்டையும் குழப்பிவிடும். கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். முதல் சில ஒத்திகைகளில் வேறெதுவும் வேண்டாம், டிரம்ஸ்காரரின் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள், அந்த இடத்தில் கார்டின் மூல ஸ்வரத்தை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்தை, வாசியுங்கள். அது இறுக்கமாக உட்கார்ந்த பிறகு மற்றதைச் சேர்க்கலாம்.

கேள்வி: அண்ணா, எனக்குக் கை சின்னது. கடையில் எடுத்துப் பார்த்தால் முதல் நான்கு ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) விரல் விரியவே இல்லை. பேஸ் எனக்கு ஒத்துவராதா?

நன்றாக ஒத்துவரும் தம்பி. நீங்கள் பார்த்தது வழக்கமான 34 அங்குல ஸ்கேலாக, அதாவது கம்பியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலமாக, இருக்கும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு ஃப்ரெட்டின் மொத்த நீளம் 34 அங்குலத்தில் கிட்டத்தட்ட 17.8 செ.மீ., 30 அங்குலத்தில் 15.7 செ.மீ. அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய நிம்மதி. கம்பியின் இழுவிசையும் குறைவு என்பதால் விரல் நோகாது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் புகழ்பெற்ற ஹாஃப்னர் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான், ஆகவே அதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, 34 அங்குலத்திலும் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று கட்டாயம் இல்லை. டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் வடிவ வாத்தியம்) வாசிப்பவர்கள் கீழ்ப்பகுதியில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் அரைஸ்வர இடைவெளியில் வைக்கிறார்கள், மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணையாக அழுத்தும். நான்கு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட்டை மட்டும் மூடிவிட்டுத் தேவைப்படும்போது கையை நகர்த்துவது. மணிக்கட்டுக்கும் இதுவே நல்லது.

கேள்வி: நான்கு கம்பியா, ஐந்து கம்பியா?

நான்கு. ஐந்தாவது கம்பியான கீழ் பி சுமார் 31 ஹெர்ட்ஸ், வீட்டில் வைக்கிற சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) அதை ஒழுங்காகக் கொடுக்காது. அடக்கிவைக்க வேண்டிய கம்பியும் ஒன்று கூடுகிறது. நீங்கள் வாசிக்கும் பாடல்களில் ஈ-க்குக் கீழே ஸ்வரம் நிஜமாகவே வந்தால் அப்போது வாங்குங்கள்.

கேள்வி: பிரிசிஷன், ஜாஸ் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். ஜாஸ் இசைக்கு மட்டும்தான் ஜாஸ் பேஸா?

இல்லை, அது மாடலின் பெயர் மட்டும். ஃபெண்டர் 1951இல் பிரிசிஷனையும் 1960இல் ஜாஸையும் கொண்டுவந்தது, இன்று பல நிறுவனங்கள் இந்த இரண்டு வடிவத்திலும் செய்கின்றன. இன்றைய பிரிசிஷனில் இரண்டாகப் பிளந்த ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), கனமான, நேரான ஒலி. ஜாஸில் இரண்டு பிக்கப். பாலத்துக்கு, அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகத்துக்கு, பக்கத்தில் இருப்பதைக் கூட்டினால் ஒலி கூர்மையாகும். கழுத்தும் நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் தங்கும் பட்டை) பக்கம் ஒடுங்கியிருக்கும், பெரும்பாலும் 38 மி.மீ. பழகுகிறவருக்கு ஒலி வித்தியாசத்தைவிட இந்தக் கழுத்து வித்தியாசம்தான் முக்கியம் என்பேன். உட்கார்ந்து பத்து நிமிடம், வாரை மாட்டி நின்று பத்து நிமிடம் வாசித்துப் பார்த்து, கை எதைக் கேட்கிறதோ அதை எடுங்கள். நிற்கும்போது இடது கையை எடுத்தால் கழுத்து தரையை நோக்கிச் சரிகிற பேஸ் மட்டும் வேண்டாம், அதைத் தாங்கியே தோள் வலிக்கும்.

கேள்வி: வீட்டில் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதில் பேஸைச் செருகலாமா?

மெதுவான ஒலியில் செருகலாம். சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போகும், கீழ் ஸ்வரங்களுக்கு அதன் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டியிருக்கிறது, கிட்டார் ஸ்பீக்கர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. தனியாகப் பழக நல்ல ஹெட்போன் போதும். கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு ஒலியைத் தீர்மானிக்காதீர்கள். ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அதில் வராது, மேல் அதிர்வுகள் மட்டுமே காதில் விழும்.

கேள்வி: வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது, அழுத்தவும் கஷ்டமாக இருக்கிறது. பேஸே மட்டமா?

பெரும்பாலும் செட்டப்தான், அதாவது கம்பி உயரத்தையும் கழுத்து வளைவையும் சரிசெய்து வைப்பதுதான், காரணம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இரண்டு, இரண்டரை மி.மீ. அளவில் இருந்தால் பலருக்கு வசதி. கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டுதான் டிரஸ் ராட், அது கழுத்தின் வளைவைத் திருத்துவதற்கு. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம், பழக்கமில்லை என்றால் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். விலை குறைந்த பேஸ் ஒன்றுக்கு நல்ல செட்டப் செய்துவிட்டால் அது செட்டப் இல்லாத விலை உயர்ந்த பேஸைவிட வாசிக்க இதமாக இருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், இடது கையையும் கவனியுங்கள். ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும்.

கேள்வி: தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. என்ன பழகுவது?

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரே ஒரு ஸ்வரத்தை ஒவ்வொரு தட்டிலும் வாசித்து, தட்டுக்கும் தட்டுக்கும் சரியாக நடுவில் நிறுத்துங்கள். கேட்க எளிது, செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். கம்பியை நிறுத்த இடது விரலை மெல்லத் தளர்த்தினால் போதும், முழுவதும் எடுத்தால் வெறுங்கம்பி ஒலிக்கும். வாசிக்காத கம்பிகளை வலது கட்டைவிரல் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். இது பழகிய பிறகு மெட்ரோனோமின் தட்டு நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் விழுவதாக வைத்துக்கொண்டு வாசியுங்கள், ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு. மீதி நேரம் பிடித்த ஒரு பாட்டின் பேஸைக் காதால் பிடியுங்கள். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது), வேகம் எல்லாம் பின்னால் வரட்டும். ஜேம்ஸ் ஜேமர்சன் வலது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் அத்தனை பதிவுகளில் பேஸ் வாசித்தார்.

கேள்வி: என் பேஸில் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. ஏன்?

கேபிளைச் செருகியே வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பேஸ்களில் அந்த ஜாக்தான் சுவிட்ச், வால்யூமைக் குறைத்தாலும் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.