கும்பகோணம் பக்கம் 20 சென்ட் மனையில் சின்ன, பழைய ஓட்டு வீடு. அதே விலைக்கு டவுனில் புது வீடு. எதை வாங்கலாம்?

பழைய வீட்டைத்தான் சொல்வேன். நாங்களும் தஞ்சாவூர் மாவட்டத்தில் இப்படித்தான் ஓர் ஓட்டு வீட்டை நீளமான கொல்லையோடு வாங்கிக் குடியிருக்கிறோம். கிணறும் தென்னையும் பிள்ளைகள் ஓடியாட இடமும் புது வீட்டோடு வராது. வீட்டைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், மனையை முடியாது.

ஆனால் மனை யாருடையது என்று தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டெல்டா ஊர்களில் வீடு ஒருவருடையதாகவும் மனை கோயிலுடையதாகவும் இருப்பது சகஜம். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள், வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அவர்கள் பெயரில்தான் வரும், கோயிலுக்குத் தரை வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். வரி ரசீதை வைத்து மனையும் அவர்களுடையது என்று நினைத்துவிடக் கூடாது. சுவாமி பெயரில் உள்ள மனையை அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கிரயம் பதிய முடியாது. ஆகவே பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் முதலில் கேளுங்கள். வில்லங்கச் சான்று (மனைமேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) ஆன்லைனில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்குங்கள். பழைய வீட்டுக்கு அந்தப் பழைய வருஷங்கள்தான் முக்கியம்.

அடுத்து அளவு. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் குழிக் கணக்கு இருக்கும், பட்டாவில் ஏர் கணக்கு (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). ஒரு குழி 144 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக ஏறக்குறைய மூன்று குழி ஒரு சென்ட். உங்கள் 20 சென்ட் என்பது பத்திரத்தில் 60 குழி சொச்சமாகவும் பட்டாவில் 8 ஏர் சொச்சமாகவும் வர வேண்டும். பல இடங்களில் வீடு நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில்) இருக்கும், கொல்லை வேறு சர்வே எண்ணில் இருக்கும், கடைசியில் வேலிக்குள்ளேயே கொஞ்சம் வாய்க்கால் புறம்போக்கும் சேர்ந்திருக்கும். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகு விலை பேசுங்கள். வேலிக்குள் இருப்பதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பூர்வீகச் சொத்து என்றால் விற்பவரின் அக்கா, தங்கைகளும் கையெழுத்துப் போட வேண்டும். “அவங்களுக்கு சீர் செஞ்சாச்சு” என்பது சட்டத்தில் நிற்காது. அவர்கள் தங்கள் பங்கை விடுதலைப் பத்திரமாகப் பதிந்து கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிரயப் பத்திரத்திலேயே சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாதியைப் பின்னால் விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற யோசனை இருந்தால், பின்பாதிக்குப் போக வழி உண்டா என்று இப்போதே பாருங்கள். டெல்டா மனைகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும். வழி விடாமல் பின்பக்கத்தைத் தனி மனையாகப் பிரித்து அனுமதி வாங்குவது கஷ்டம்.

சரி, வீடு. ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமில்லை, மாற்றிக்கொள்ளலாம். உத்திரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கரையான் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அந்தப் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுவது நல்லது. முடிந்தால் ஐப்பசி மழையில் ஒருமுறை போய், கொல்லைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பணத்தில் ஒரு விஷயம். பழைய ஓட்டு வீட்டுக்கு வங்கி அதிக மதிப்புப் போடாது, அதனால் வீட்டுக் கடன் புது வீட்டுக்குக் கிடைக்கிற அளவுக்குக் கிடைக்காது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இரண்டையும் பெரும்பாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.