வானத்தைச் சாட்சிக்கு இழுக்கலாமா?

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த கரீனா நெபுலாவின் படத்தைப் பார்த்த நாள் தொடக்கம் என் கடவுள் நம்பிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் என் மகனோ, "வடிவாகத்தான் இருக்கிறது, அதுக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறான். இவ்வளவு அழகைக் கண்ட பிறகும் கடவுள் இல்லை என்பவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? (வாசகி, சுன்னாகம்)

பதில்: விளங்கப்படுத்த வெளிக்கிடாதீர்கள், அம்மா. அந்தப் படம் உங்கள் மனதை நிறைத்தது என்றால் அது உங்களுக்குக் கிடைத்த பேறு, அதில் எனக்குக் கேள்வியே இல்லை. அதையே கொண்டுபோய் மகனுக்கு முன்னால் அத்தாட்சியாக வைக்கும்போதுதான் கரைச்சல் தொடங்குகிறது.

முதலில் படத்தைப் பார்ப்போம். அது வெளிவந்தது 2022 யூலை 12. பெற்றோல் வரிசையில் நாங்கள் காய்ந்துகொண்டிருந்த காலம், அப்படியிருந்தும் ஆளுக்காள் போனில் அனுப்பி அனுப்பிப் பார்த்தோம். மலைத்தொடர் போல எழும்பி நிற்பது ஏறத்தாழ 7,600 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள வாயுவும் தூசும். அதற்குள்ளே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. வெப் பெரும்பாலும் பிடிப்பது செந்நிறக்கீழ்க் கதிர்களை. அவை எங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று ஒரு ஒழுங்கில் விஞ்ஞானிகள் நிறம் கொடுத்துத்தான் வெளியிடுகிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் பௌதிகம் படிக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும், "இந்த நிறத்தையெல்லாம் ஆர் பூசினது?" என்று நீங்கள் தொடங்கினால் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

அழகைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதும் இல்லை. 1968 டிசம்பர் 24, அப்பல்லோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த மூவரும் பைபிளில் உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் வசனங்களை உலகம் கேட்க வாசித்தார்கள். அதே நாளில் சந்திரனின் விளிம்புக்கு மேலே பூமி எழும்பும் அந்தப் பெயர்பெற்ற படத்தை எடுத்தவர் அந்த மூவரில் ஒருவரான பில் அண்டர்ஸ். அவரே, தான் கண்ட காட்சி தன் மத நம்பிக்கையைத் தளர்த்திவிட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். 1971 இல் அப்பல்லோ 15 இல் போய்ச் சந்திரனில் நடந்த ஜிம் இர்வினோ திரும்பி வந்து, நாசா வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார், நோவாவின் பேழையைத் தேடி அரராத் மலை ஏறினார். இந்த இரண்டு பேரில் ஒருவரும் மடையர் அல்ல, பொய்யரும் அல்ல.

சந்திரன் வரைக்கும் போவானேன்? தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கோடு இருந்த எங்களுக்கு மேலே எத்தனை நட்சத்திரம் தெரியும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். குண்டு போடவரும் விமானத்துக்கும் வானத்தில் எறியும் பரா வெளிச்சத்துக்கும் பயந்து அண்ணாந்து பார்த்த வானமும் அதுதான். அதற்குக் கீழே இருந்து கும்பிட்டுக் கும்பிட்டே நம்பிக்கை கூடினவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு கோயில் வாசலை மிதிக்காமலே விட்டவர்களும் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். இரண்டாவது ஆளிடம் போய் "இந்த அழகைப் பார்த்தும் நம்பவில்லையா?" என்று உங்களால் கேட்க முடியுமா?

இன்னொன்று, வானத்தைச் சமயத்துக்குச் சாட்சியாக இழுக்கிற வேலை இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்து முடிந்தது. வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினறி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வானசாஸ்திரத்தை மிக அக்கறையாகப் படிப்பித்தார்கள், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆனால் 1829 இல் வந்த சந்திர கிரகணத்தை வைத்துப் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை என்று காட்டினால் அதோடு சைவமும் ஆட்டம் காணும் என்று அங்கே படிப்பித்த டானியல் பூர் போன்ற மிஷனரிமார் நினைத்தார்கள். அதே செமினறியைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848 இல் யாழ்ப்பாணத்திலேயே வானசாஸ்திர நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அதே 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிரகணக் கணக்கில் ஆர் சரி என்பதற்கும் மக்கள் கும்பிடுவதற்கும் நடுவில் அப்படி ஒரு கயிறு கட்டியிருக்கவில்லை என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. இன்றைக்கு நீங்கள் நெபுலாவை வைத்துக் கட்டப்பார்ப்பதும் அந்தக் கயிற்றைத்தான்.

மாணிக்கவாசகரை எடுங்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று அண்டங்களைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசியாக்கி விடுகிறார், இறைவனுக்கு முன்னால் அவை அவ்வளவு சிறியவை என்று. கவனியுங்கள், அண்டம் பெரிது, ஆகவே இறைவன் உண்டு என்று அவர் வாதாடவில்லை. அவர் இறைவனில் கரைந்த பிறகு அண்டத்தைப் பார்க்கிறார். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது" என்ற பைபிள் சங்கீதமும் ஏற்கெனவே நம்புகிறவரின் துதி. உங்களுக்கும் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், படத்தைப் பார்க்கும்போதே உங்களிடம் பக்தி இருந்தது.

அப்புறம், போன் திரையோடு நின்றுவிடாதீர்கள். திருவெம்பாவைக் காலத்து முதல் நாட்களில், விடியப்புறம் நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும்போது நிலவு இராது, மேற்கே சரிந்து கிடக்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் சிவப்பாக ஒன்று நிற்கும். அதுதான் திருவாதிரை நட்சத்திரம். ஆதிரை நாள் விடிய அதற்கு வலப்பக்கத்தில் முழுநிலவு நிற்கும். 2019 மார்கழியில் அந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கத் தொடங்கியிருந்தது, வெடிக்கப்போகிறதோ என்று கூடக் கதை வந்தது. அதுவே கக்கிய தூசு அதன் முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இதை என்னைவிட நன்றாக விளக்க உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார், வருகிற மார்கழிக்கு அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை நடுவில் மறிக்காமல் கேளுங்கள். கோயிலடிக்கு வந்த பிறகு உள்ளே வருவதா, வெளிவீதியில் நிற்பதா என்பது அவருடைய பாடு.