ஒரு கூரையின்கீழ் ஐந்து உயிரெழுத்து

ஆங்கிலச் சொற்களின் எழுத்து விளையாட்டு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஸ்பெல்லிங்கை எழுதிப் பார்த்தபடி படித்தால்தான் சுவை.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இதே வரிசையில், தலா ஒரு முறை மட்டும் வரும் சொல் உண்டா?

உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது ‘ஃபெஸீஷியஸ்’. அடுத்தது ‘அப்ஸ்டீமியஸ்’. இரண்டுக்கும் வாலில் எல்-ஒய் சேர்த்தால் ஒய்யும் வரிசையில் வந்து நின்றுவிடும்.

ஃபெஸீஷியஸ் என்பதற்கு அகராதியில் ‘நகைச்சுவையான’ என்று போட்டிருக்கும். அதை நம்பி யாரையும் பாராட்டிவிடாதீர்கள். இடம் பொருள் பார்க்காமல் குசும்பாகப் பேசுவதற்குத்தான் இந்தச் சொல். மேலதிகாரி உங்களை அப்படிச் சொன்னால் எச்சரிக்கிறார் என்று அர்த்தம். அப்ஸ்டீமியஸ் என்றால் சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பவர். அந்தச் சொல்லுக்குள் போதையூட்டும் பானத்தைக் குறிக்கும் ‘டெமேட்டம்’ என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து விலகி நிற்பவர் என்பதே மூலப் பொருள்.

தலைகீழ் வரிசை வேண்டுமா? நம் ஊரையே சொல்லும் ‘சப்காண்டினென்டல்’: யூ, ஓ, ஐ, ஈ, ஏ. துணைக்கண்டத்தைச் சேர்ந்த என்று பொருள். வரிசை முக்கியமில்லை, ஐந்தும் இருந்தால் போதும் என்றால் ஏழே எழுத்தில் ‘செக்கோயா’ இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ராட்சத மரம்.

ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராத நீளமான சொல் எது?

பதினைந்து எழுத்துகளில் இரண்டு உண்டு. ஒன்று ‘அன்காப்பிரைட்டபிள்’, அதாவது பதிப்புரிமை கோர முடியாதது. இன்னொன்று ‘டெர்மட்டோகிளிஃபிக்ஸ்’. விரல், உள்ளங்கை, பாதம் ஆகியவற்றின் தோலில் உள்ள வரிகளை ஆராயும் துறை. ஹெரால்டு கம்மின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1926இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். தோல், செதுக்கல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு.

இந்தச் சொல்லை நீங்கள் வேறு இடத்திலும் பார்த்திருக்கலாம். குழந்தையின் விரல் ரேகையைப் படமெடுத்து, எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்கிறோம் எனக் காசு வாங்குபவர்கள் இதைத்தான் பலகையில் எழுதுகிறார்கள். அந்த ஜோசியத்துக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பதினைந்து எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

‘டைப்ரைட்டர்’ என்ற சொல்லை மேல்வரிசை விசைகளிலேயே அடித்துவிடலாம் என்பது உண்மையா?

உண்மை. பத்து எழுத்து. டைப்ரைட்டிங் தேர்வில் லோயர் பாஸ் பண்ணியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சரிபார்த்துவிடுவார்கள். இதே மேல்வரிசையில் அடங்கும் பத்தெழுத்துச் சொற்கள் இன்னும் உண்டு: உரிமையாளரைக் குறிக்கும் ‘புரொப்ரைட்டர்’, ஒரு கலைஞர் கைவசம் வைத்திருக்கும் உருப்படிகளைச் சொல்லும் ‘ரெப்பர்ட்வார்’, பத்திரங்களில் வரும் ‘பெர்பெச்சுவிட்டி’. கடைசியாகச் சொன்னதற்கு நம் கல்வெட்டுக்காரர்கள் ‘சந்திரன் சூரியன் உள்ளவரை’ என்று அழகாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இடக்கையால் மட்டும் அடிக்க ‘ஸ்டூவர்டெஸ்ஸஸ்’, விமானப் பணிப்பெண்கள், பன்னிரண்டு எழுத்து. வலக்கைக்கு ‘லாலிபாப்’.

ஈ இல்லாத மிக நீண்ட சொல்?

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்தே ஈதான். அது இல்லாமல் இருபத்தொன்பது எழுத்து ஓடுகிறது ‘ஃப்ளாக்ஸிநாஸினிஹிலிபிலிஃபிகேஷன்’. ஐ மட்டும் ஒன்பது முறை. ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிடுவது என்று பொருள். ஃப்ளாக்கி, நௌக்கி, நிஹிலி, பிலி என்று நான்கு லத்தீன் சொற்களை அடுக்கி, பின்னால் ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். நான்குக்கும் ‘அற்பமானது’ என்றே அர்த்தம். முதலாவது கம்பளித் துணுக்கு. மூன்றாவது ஒன்றுமில்லாதது. நான்காவதான பிலி என்பதற்கு நேர்ப்பொருள் மயிர். ஒன்றை மதிக்கவில்லை என்று காட்ட நம் தெருவிலும் அதே சொல்தான் வாயில் வருகிறது. அச்சில் மட்டும் ‘துரும்பு’ என்று மாற்றிப் போட்டுக்கொள்கிறோம்.

ஒரே உயிரெழுத்து மட்டும் வரும் சொற்கள்?

நிறைய. எனக்குப் பிடித்தது ‘கேட்டமரான்’. நான்கு ஏ, வேறு உயிரெழுத்து கிடையாது. நம் கட்டுமரம்தான் அங்கே போய் அப்படி ஆனது. பொருள்தான் மாறிவிட்டது: நாம் மரங்களைச் சேர்த்துக் கட்டினோம், அவர்கள் இரண்டு அடிப்பகுதிகளை இணைத்த படகுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு முறைதான் உயிரெழுத்து வர வேண்டும் என்றால் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’. ஒன்பது எழுத்தில் ஒரு ஈ.

‘புக்கீப்பர்’ ஸ்பெல்லிங்கில் ஒரு கே போதாதா?

போதாது. இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ. நடுவில் இடைவெளி இல்லாமல் மூன்று ஜோடி. கணக்குப்பிள்ளை ஒரு எழுத்தைக் கூடக் குறைக்கக் கூடாது.

எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வேறு சொல்லாகும் நீண்ட ஜோடி சொல்லுங்கள்.

‘சினிமட்டோகிராஃபர்’, ‘மெகாகைராப்டரன்’. இரண்டிலும் அதே பதினைந்து எழுத்து. முன்னவர் ஒளிப்பதிவாளர், பின்னது பழந்தின்னி வௌவால். வெளிச்சத்தை நம்பிப் பிழைப்பவரையும் இருட்டில் பறப்பதையும் ஒரே எழுத்துகளில் அடைத்தது யார் குறும்போ!

சொற்றொடர் என்றால், மாணவர் விடுதியைக் குறிக்கும் ‘டார்மிட்டரி’யைக் கலைத்தால் ‘டர்ட்டி ரூம்’, அழுக்கு அறை. விடுதியில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ‘லெவன் பிளஸ் டூ’. அதைக் கலைத்து அடுக்கினால் ‘ட்வெல்வ் பிளஸ் ஒன்’. எப்படிக் கூட்டினாலும் விடை பதின்மூன்று. இரண்டிலும் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், அதுவும் பதின்மூன்று.