கேளுங்கள் டாக்டரம்மா: தொப்புள்கொடி ரத்தம் யாருக்கு?

எனக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் எண்பது நோய்களுக்கு உதவும் என்றார். மாதத் தவணையும் உண்டாம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார் மாமியார். வேண்டாம் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, போரூர்

இந்த ஒரு தடவை கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த எண்பது நோய் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தையின் சொந்த ரத்தம் உதவாது என்பதை அந்தப் பெண் சொல்லியிருக்க மாட்டார். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தநோய் என்றால், அதே கோளாறு சேமித்த பையிலும் இருக்கும். சிறு வயதில் வரும் ரத்தப் புற்றுநோயில்கூட, அதற்கான முதல் மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருப்பதைப் பல குழந்தைகளிடம் கண்டிருக்கிறார்கள். அதைத் திருப்பி ஏற்றி என்ன பயன்? 1988இல் பாரிஸில் முதன்முதலாக இந்த ரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார்கள். அதுவும் அவனுடையதல்ல, புதிதாகப் பிறந்த தங்கையினுடையது.

தன் குழந்தைக்கே பின்னால் பயன்படும் என்று காசு கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதைக் காப்பீடு போல விற்பதை ஏற்கவில்லை. சீட்டுப் பணத்தைப் பிரசவச் செலவுக்கு வையுங்கள்.

இன்னொன்று. குழந்தை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் தங்கிய ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும், முதல் ஆறு மாதத்துக்கு இரும்புச்சத்து கையிருப்பு கூடும். ரத்தசோகை இவ்வளவு இருக்கிற நம் ஊரில் இதைவிட நல்ல சேமிப்பு எனக்குத் தெரியவில்லை. பை நிறைய வேண்டும் என்று யாராவது அவசரமாகக் கிளாம்ப் போட்டால், லேபர் வார்டில் நிற்கிற அத்தை சண்டைக்குப் போகலாம், தப்பில்லை.

சேமிக்க வேண்டாம், ஆராய்ச்சிக்குத் தரலாமே என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். எப்படி எடுப்பார்கள்? வலிக்குமா? எப்படி உறைய வைக்கிறார்கள்?
- வாசகர், பெரம்பூர்

நல்ல மனசு தம்பி. வலி யாருக்கும் இல்லை. குழந்தையைப் பிரித்து, கொடியை வெட்டிய பிறகுதான் வேலையே தொடங்கும். கொடியை மருந்தால் துடைத்து, அதன் சிரையில் ஊசியைக் குத்தி, உறையாமல் இருக்க மருந்து போட்ட பையைத் தாழ்வாகப் பிடிப்பார்கள். ரத்தம் தானாக இறங்கும். சில நிமிட வேலை. நூறு மில்லி கிடைத்தால் நல்ல கொள்முதல். பல பிரசவங்களில் அதுவும் வராது. எங்கள் காலத்தில் இதெல்லாம் நஞ்சோடு சேர்த்து வாளியில்தான் போகும். தாயிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் பார்ப்பார்கள்.

லேபில் சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் பிரித்து, ஸ்டெம் செல், அதாவது புது ரத்த அணுக்களை உண்டாக்குகிற தாய் செல், உள்ள பகுதியைச் சின்னப் பையில் அடக்குவார்கள். அப்படியே குளிரில் வைத்தால் செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் பனி ஊசியாகிக் குத்திக் கிழித்துவிடும். அதனால் டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு என்ற திரவத்தைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர வைத்து, கடைசியில் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டு போவார்கள். இருபது வருஷம் தாண்டியும் செல்கள் உயிரோடு இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். உருக்கும்போதுதான் ஆபத்து. வெதுவெதுப்பில் அந்தத் திரவமே செல்லுக்கு விஷம், சுருக்காக வேலையை முடிக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு இது எதற்கு? ஒரு பையில் உள்ள செல் ஒரு பெரிய ஆளுக்குப் பெரும்பாலும் போதாது, அதுதான் முக்கியமான சிக்கல். அதை லேபில் பெருக்குவது எப்படி என்று பல வருஷமாகப் பார்க்கிறார்கள். அப்படிப் பெருக்கிய ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதியும் கிடைத்தது. சிகிச்சைக்குப் போதாத சின்னப் பைகளும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு உதவும்.

ஆனால் நீங்களாகக் கொண்டு போய்க் கொடுக்கிற விஷயம் இல்லை இது. பிரசவம் பார்க்கிற மருத்துவமனையில் நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வு ஏதாவது நடக்கிறதா என்று எட்டாம் மாதத்துக்குள் கேளுங்கள். வலி எடுத்த பிறகு நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். எதற்கு எடுக்கிறார்கள், பெயரை நீக்கி வைப்பார்களா, பிறகு மனம் மாறினால் விலகலாமா என்று அதில் இருக்க வேண்டும். உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அது தானம் இல்லை, நடையைக் கட்டுங்கள். அப்படி ஆய்வு எதுவும் இல்லை என்றால் வருத்தம் வேண்டாம், அந்த ரத்தம் பாப்பாவுக்கே போகட்டும்.

மூத்த பையனுக்குத் தலசீமியா. மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது இரண்டாவது உண்டாகியிருக்கிறேன், இரண்டு மாதம். நான் சேமிக்கலாமா?
- வாசகி, வண்ணாரப்பேட்டை

கண்டிப்பாக அம்மா. மேலே வேண்டாம் என்று சொன்னதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. உடன்பிறந்த குழந்தையின் திசு மூத்தவனுக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, பொருந்தினால் அந்த ரத்தத்தை அவனுக்கு ஏற்றலாம். முதலில், பதினோரு வாரத்துக்கு மேல் செய்கிற நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனையில் வயிற்றுக் குழந்தைக்கும் தலசீமியா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பையனுக்கு மருத்துவம் பார்க்கிற ரத்தநோய் டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். ரத்தம் எடுப்பதை அவரும் பிரசவ டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். பையில் செல் குறைவாக வந்தாலும் மனம் தளர வேண்டாம். திசு பொருந்தினால், சின்னவர் கொஞ்சம் வளர்ந்த பிறகு எலும்பு மஜ்ஜையும் எடுக்கலாம்.

முன்னோர்கள் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டியது ஸ்டெம் செல் தெரிந்துதான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
- வாசகர், மயிலாப்பூர்

இல்லை ஐயா. தாயத்தில் இருப்பது காய்ந்து உதிர்ந்த துண்டு, அதில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. என் அம்மா எனக்குக் கட்டிய வெள்ளித் தாயத்து இன்னும் பீரோவில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

பேரனுக்கு ஆட்டிசம். சேமித்த கொடி ரத்தத்தை ஏற்றினால் சரியாகும் என்று ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார்.
- வாசகி, அம்பத்தூர்

கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளை வைத்து இதையே சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்க்க நினைத்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. நம் நாட்டு விதிப்படி இப்படிப்பட்ட சிகிச்சையை ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வுக்கு வருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. அந்தப் பணம் பேரனின் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.