பாஸ்டல் ஓவியர் ஜான் ரஸ்ஸல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

இந்த வாரம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ஜான் ரஸ்ஸல். நானும் பாஸ்டல்ல முகம் வரையிறவதான், அதனால கைவேலை பத்தி கேட்டா நிறைய பேசுவேன். ஏலத்துல என்ன விலை போகும்னு கேட்டா பதில் வராது.

கே: யாரு அக்கா இவரு? சுருக்கமா.
ப: 1745ல கில்ட்ஃபோர்ட்ல பொறந்தவர், அப்பா புத்தகக்கடைக்காரர், ஊர் மேயராவும் இருந்தவர். லண்டன்ல ஃபிரான்சிஸ் கோட்ஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டார். 1788ல ராயல் அகாடமிங்கிற லண்டன் கலைஞர்கள் அமைப்புல முழு உறுப்பினர், 1790ல மூன்றாம் ஜார்ஜ் மன்னரோட கிரேயான் ஓவியர். 1806ல ஹல் நகரத்துல டைஃபஸ் வந்து போயிட்டார்.

கே: கிரேயானா? என் பொண்ணு ஸ்கூல் பையில கிடக்கே, அதுலயா ராஜாவ வரைஞ்சாரு?
ப: இல்லப்பா. அப்ப கிரேயான்னா இப்ப நாம சாஃப்ட் பாஸ்டல்னு சொல்றது. நிறப்பொடிய துளி பசை விட்டு பிசைஞ்சு உருட்டி காயவச்ச குச்சி, மெழுகே கிடையாது.

கே: தோல் அவ்ளோ வழவழன்னு எப்படி வருது? நான் தேய்ச்சா சேறு மாதிரி ஆயிடுது.
ப: நல்ல கேள்வி. 1772ல இவரே வரையிற முறைய புத்தகமா போட்டுட்டார், அதுல விரலால தேய்ச்சு கலர இழைக்கிறதுக்கு ‘ஸ்வீட்டனிங்’னு பேரு. அந்த பேரே எனக்கு பிடிக்கும். இழைக்கிறதுன்னா எல்லாத்தையும் போட்டு ஒரே தேய்ப்பு இல்ல, வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம் தனித்தனியா வச்சுட்டு ரெண்டும் சேர்ற ஓரத்துல மட்டும் லேசா விரல் படணும், ஒவ்வொரு கலருக்கும் விரல துடைக்கணும், நீங்க துடைக்கல அதான் சேறு. கடைசியா கண்ணுல வர்ற பொட்டு வெளிச்சம், சரிகை ஓரம், இதெல்லாம் குச்சியால வச்சுட்டு தொடவே கூடாது. இன்னொண்ணு, தூசிய வாயால ஊதாதீங்க, திரும்ப உங்க நெஞ்சுக்குள்ளதான் போகும், போர்ட சாய்ச்சு தட்டுங்க. பொடி உதிராம இருக்கட்டும்னு ஹேர் ஸ்ப்ரே அடிக்காதீங்க, கலர் கருத்துடும்.

கே: ஆயில் பாஸ்டல்ல இவர் ஸ்டைல் வருமா மேடம்?
ப: வராது. அது 1920கள்ல ஜப்பான்ல வந்த சரக்கு, வேற ஜாதி.

கே: பெரிய மதவெறியராமே?
ப: தீவிர மெத்தடிஸ்ட், அப்ப இங்கிலாந்துல கிளம்பின ஒரு கிறிஸ்தவப் பிரிவு. ஞாயித்துக்கிழமை வேலை செய்யமாட்டார், அன்னிக்கு வரையிற அறைக்குள்ள யாரையும் விடமாட்டார். படத்துக்கு உக்கார வந்தவங்ககிட்டயும் பிரசங்கம்தான், எழுந்து ஓடவும் முடியாது பாவம். ஆனா மெத்தடிஸ்ட்களுக்கு ஆதரவா இருந்த ஹண்டிங்டன் சீமாட்டி, ஓவியத்த விட்டுட்டு அவங்க நடத்துன பிரசங்கிகள் கல்லூரிக்கு வான்னு கூப்பிட்டப்ப போகல. வெறியர்னு நான் சொல்லமாட்டேன்.

கே: ராஜாவ கிரேயான்லயா வரைஞ்சாரு?
ப: மேல பாருங்க.

கே: இவர் வரைஞ்ச நிலா படமெல்லாம் பொழுதுபோக்குதானே, அத விட்டுட்டு போர்ட்ரெய்ட் பேசுங்க.
ப: இருங்க, அத எப்படி விடுறது! பகல்ல ஊர்ப்பட்ட பணக்காரங்க முகம், ராத்திரி வானியலாளர் ஹெர்ஷல் செஞ்ச டெலஸ்கோப்ல நிலா, இப்படி வருஷக்கணக்கா. 1795ல முடிச்ச பாஸ்டல் நிலா கிட்டத்தட்ட அஞ்சடி அகலம், ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாறு மியூசியத்துல இருக்கு. போர்ட்ரெய்ட் பேசணும்னா இதுதான் அவரோட பெரிய போர்ட்ரெய்ட்டுன்னு சொல்வேன்.

கே: அவருக்கு முன்னாடியே டோபியாஸ் மேயர்ங்கிற ஜெர்மன் வானியலாளர் நிலாவுக்கு மேப் போட்டாச்சே? இவர் அழகுக்கு வரைஞ்சவர், விஞ்ஞானி இல்ல.
ப: மேயர் மேப் 1775லயே அச்சாச்சு, ஒத்துக்கிறேன். ஆனா ரஸ்ஸல் சும்மா கண்ணால பாத்து வரையல, மைக்ரோமீட்டர்ங்கிற நுண் அளவுக் கருவி வச்சு புள்ளி புள்ளியா அளந்தார்.

கே: அளந்தா விஞ்ஞானியா? டெய்லர் கூடத்தான் அளக்குறாரு.
ப: சிரிச்சுட்டேன். சரி, விஞ்ஞானி பட்டம் வேணாம். அவருக்கு முன்னாடி வந்த மேப்ல பள்ளம் எங்க இருக்குன்னு தெரியும், வெளிச்சம் அதுமேல எப்படி விழுதுன்னு தெரியாது, அந்த மேப்கள பத்தி ரஸ்ஸலுக்கு இருந்த குறையே அதுதான். வெளிச்சமும் இருட்டும் சேர்ற அந்த கோட்ட பாருங்க, கன்னத்துல நிழல் விழுற இடத்துல விரல் வைக்கிறவனுக்குத்தான் அது பிடிபடும். ஜோசப் பேங்க்ஸ்ங்கிற தாவரவியல் அறிஞர இவர் வரைஞ்ச படத்துல அவர் கையில இருக்கிறதே நிலா படம்தான்! 1797ல நிலா லேசா ஆடி ஆடி முகம் காட்டுறத விளக்க செலினோகிராஃபியான்னு ஒரு உருண்டை செஞ்சார். அதுல நம்ம கண்ணுக்கு தெரியாத பின்பக்கத்த வெறுமையா விட்டுட்டார். அழகுக்கு மட்டும் வரையிறவரா இருந்தா அங்கயும் நாலு பள்ளம் போட்டு நிரப்பியிருப்பார்ல?

கே: அத ஏத்துக்கிறேன். டெய்லர வாபஸ் வாங்குறேன்.

கே: மேடம், முடிச்ச படத்துக்கு ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாமா?
ப: கூடாது, கூடாது, கூடாது. கண்ணாடி போடுங்க, படத்துல ஒட்டாம நடுவுல மவுண்ட், அதாவது அட்டைச் சட்டம், வச்சு. நான் போய் கைய கழுவுறேன்.