கணினி கேள்வி-பதில்: கிராணி எழுதும் சம்பள விதி

கேள்வி: அக்கா, இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சம்பள மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். உதிரிப்பழத்துக்கு இவ்வளவு, குலைக்கு இவ்வளவு என்று விதி மாறும்போதெல்லாம் கிராணி (தோட்டத்து எழுத்தர்) எனக்குத்தான் போன் போடுகிறார். அவரே தமிழில் விதியை எழுதுகிற மாதிரி ஒரு குட்டி மொழி செய்யலாமா? அப்படி மொழி செய்ய உதவும் கருவிகள் எக்ஸ்டெக்ஸ்ட், லாங்கியம், எம்பிஎஸ், டெக்ஸ்ட்எக்ஸ், இதில் எது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: டெக்ஸ்ட்எக்ஸ், தம்பி. எக்ஸ்டெக்ஸ்ட் இலக்கணக் கோப்பு ஒன்றிலிருந்து பார்சர் (எழுதியதைப் படித்துப் பிரிக்கும் நிரல்), மாடல் வகுப்புகள், எக்லிப்ஸ் எடிட்டர் எல்லாம் தந்துவிடும். ஆனால் ஜாவா, மேவன் என்று ஒரு கல்யாணக் கூட்டமே கூட வரும். லாங்கியம் டைப்ஸ்கிரிப்டில் அதே பாணி. தட்டும்போதே விஎஸ் கோடில் தப்பைச் சிவப்பாகக் காட்ட வேண்டுமென்றால் அப்புறம் அங்கே போகலாம். எம்பிஎஸ்ஸில் எழுத்தைப் படிக்கும் பார்சரே கிடையாது, உள்ளிருக்கும் மர வடிவ அமைப்பை நேராகத் திருத்த வேண்டும். கிராணிக்குப் பிடிபடாது.

டெக்ஸ்ட்எக்ஸ் பைதான் நூலகம். இலக்கணத்தை ஓடும்போதே படித்து, இலக்கண ரூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு தானே அமைத்துக்கொள்ளும். கிராணி எழுதப்போவது இப்படி இருக்கட்டும் (தொகை சும்மா போட்டது):

விதி உதிரிப்பழம் கிலோவுக்கு 20 சென்

'விதி', 'கிலோவுக்கு', 'சென்' மூன்றையும் இலக்கணக் கோப்பில் மேற்கோளுக்குள் போட்டால் சரியாகப் படிக்கும். தகராறு 'உதிரிப்பழம்' என்ற பெயரில். டெக்ஸ்ட்எக்ஸோடு வரும் ஐடி ரூல், அதாவது பெயரைப் படிக்கும் ரூல், பைதான் ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை) நம்புகிறது. அதற்கு உ எழுத்து, த எழுத்து, ஆனால் தி-யின் இகரக் குறி எழுத்தில் சேராது. 'உத' வரை படித்துவிட்டு, இங்கே 'கிலோவுக்கு' அல்லவா வர வேண்டும் என்று நிற்கும். எக்ஸ்டெக்ஸ்ட், லாங்கியம் இரண்டின் ஐடியும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும், தமிழை முதல் எழுத்திலேயே மறுத்துவிடும். ஆகவே பெயருக்கு உங்கள் சொந்த ரூல் எழுதுங்கள்: யூனிகோடில் தமிழுக்கான 128 இடங்களையும் முழுசாக அனுமதித்துவிடுங்கள், இகரக் குறி போன்ற குறிகளும் புள்ளியும் அதில் அடக்கம்.

இன்னொன்று. 'லோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பார்சருக்கு வேறு சொல். கோப்பையும் இலக்கணத்தையும் படிக்கும் முன் என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள்.

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். பிழையோடு வரி எண் கிடைக்கும், அதை வைத்து "3-ஆம் வரியைப் பாருங்க" என்று நீங்களே தமிழில் காட்டுங்கள். சொற்களையும் கிராணியின் நோட்டுப் புத்தகத்திலிருந்தே எடுங்கள். காலையில் ஆள் எண்ணிக்கை எடுப்பதை அவர் 'பெரட்டு' என்று எழுதினால் பெரட்டுதான், அகராதி பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: இதுக்கெல்லாம் எக்செல் போதாதா?
- இன்னொரு வாசகர்

பதில்: விலை மட்டும் மாறினால் தாராளமாகப் போதும். பெரட்டுக்கு வந்து மழையால் திரும்பினவருக்கு என்ன, பாதி நாள் வெட்டினவருக்கு என்ன என்று நிபந்தனையே மாறும்போது, ஒரு செல்லுக்குள் ஏழெட்டு இஃப் சேர்ந்துவிடும். அதைத் திறந்து பார்க்க நான்கூட யோசிப்பேன்.